இருமுடியின் எடை

மார்கழி விடியலில் எருமேலியில் பேட்டை துள்ளி, தர்மசாஸ்தாவைத் தொழுது, பெரிய பாதையில் இறங்கும் அடியார் கூட்டத்தைச் சற்று விலகி நின்று காண்பவருக்கு ஒன்று புலப்படும். தலையிலுள்ள சுமை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தோளில் தொங்கும் சுமையே ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. எழுபது வயதைக் கடந்த குருசாமி ஒருவர், ஒரு வேட்டியும் ஒரு துண்டும் மடித்து வைத்த சிறு துணிப்பையோடு நடக்கிறார். அவர் பின்னே வரும் கன்னிசாமியோ, முதுகில் ஒரு பெரிய பை, கையில் ஒரு பை, கழுத்தில் தண்ணீர்ப் புட்டி என்று வீட்டையே பெயர்த்துக்கொண்டு வருகிறார். அழுதை ஏற்றத்தின் நடுவில் இளைஞர் பாறையில் சாய்ந்து மூச்சு வாங்க, பெரியவர் சரணம் சொல்லியபடியே அவரைக் கடந்து செல்வது அந்தப் பாதையில் அன்றாடக் காட்சி.

எருமேலியிலிருந்து சந்நிதானம் வரையுள்ள பெரிய பாதை 40 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதை நதி, கல்லிடும் குன்று, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, கரிவலந்தோடு, கரிமலை, பெரியானைவட்டம், சிறியானைவட்டம் என்று பெயர்களைச் சொல்லும்போதே ஏற்றமும் இறக்கமும் கண்முன் வந்துவிடும். யானைகள் வாழும் காடு அது. நேரம் கடந்து வருபவர்களை வனத்துறையினர் உள்ளே விடுவதில்லை. அத்தகைய பாதையில் வெறுங்காலோடு நடக்கும் ஒருவர் எவ்வளவு எடையைச் சுமக்கலாம்? மலையேறுவோர் உலகெங்கும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. சபரிமலைப் பாதை இதற்கு ஒரு விடையை நெடுங்காலத்துக்கு முன்பே இரண்டு முடிச்சுகளாகக் கட்டி வைத்திருக்கிறது.

இருமுடியின் முன்முடி இறைவனுக்குரியது. நெய்த் தேங்காய் அதில்தான் இருக்கும். நன்றாக முற்றிய தேங்காயின் நாரை நீக்கி வழவழப்பாக்கி, கண்ணைத் திறந்து நீரை வடித்துவிட்டு, பசுநெய்யை நிரப்பி அடைப்பார்கள். அதோடு அரிசி, வெல்லம், வெற்றிலை பாக்கு, காணிக்கை, மாளிகைப்புறத்தம்மனுக்கு மஞ்சள்பொடி, வாவருக்கு மிளகு ஆகியவை சேரும். பின்முடி சுமப்பவருக்குரியது. வழியில் சமைத்து உண்ணும் அரிசியும் பருப்பும் வழியில் உடைக்கும் தேங்காய்களும் அதில் இருந்தன. உரித்த தேங்காய் ஒன்று ஏறத்தாழ அரைக் கிலோ நிறை கொண்டது. மூன்று தேங்காய், ஒரு கிலோ அரிசி, பிற பூசைப் பொருள்கள் எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் இருமுடி மூன்று, மூன்றரைக் கிலோவைத் தாண்டுவதில்லை.

இந்த அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. முன்முடி கடைசி வரை குறையாது. பின்முடியோ ஒவ்வொரு தங்கலிலும் குறைந்துகொண்டே வரும். அடியார்கள் பாய் விரித்துத் தங்கும் இடத்துக்கு ‘விரி’ என்றே பெயர். அழுதையில் ஒரு விரி, பெரியானைவட்டத்தில் ஒரு விரி என்று தங்கித் தங்கிச் சமைத்து உண்ணும்போது அரிசியும் பருப்பும் கரையும். பம்பையை அடைந்ததும் மீதமுள்ள எல்லாவற்றையும் கொண்டு பம்பா சத்யை என்னும் விருந்து சமைத்து, முதலில் குருசாமிக்கு இலை போட்டுப் பின்பு எல்லோரும் உண்பார்கள். அதற்கு அடுத்துத்தான் நீலிமலை ஏற்றம். பயணத்தின் மிகச் செங்குத்தான பகுதிகளில் ஒன்று கால் தளர்ந்த கடைசி நாளில் வருகிறது; அந்த இடத்துக்கு வரும்போது தலையிலுள்ள சுமை மிகக் குறைந்திருக்கிறது. இக்காலத்து மலையேற்றப் பயிற்சியாளர்கள் உணவுப் பொருளை நாள்கணக்கில் பிரித்து, கடினமான ஏற்றத்துக்கு முன் பையை இலேசாக்கும்படி சொல்லித் தருவதும் இதைத்தான்.

அழுதை நதியில் மூழ்கி எழும் கன்னிசாமிகள் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொள்வார்கள். செங்குத்தான ஏற்றத்தில் அதையும் சுமந்து சென்று, கல்லிடும் குன்றில் போடுவார்கள். மகிஷியின் உடலை அடக்கிய இடம் அது என்பதும், அவள் மீண்டும் எழாதபடி கற்களைக் குவித்தார்கள் என்பதும் ஐதிகம். அந்தக் கல் உள்ளங்கையில் அடங்கும் சிறு கல்தான். ஆயினும் ஏற்றத்தின் நடுவில் அதன் எடை தெரியும். குன்றில் அதைப் போட்டுவிட்டு நிமிரும்போது கை காலியானதும் தெரியும். நூறு கிராம் சுமையைக்கூட மலையில் உடல் கணக்கு வைத்துக்கொள்கிறது என்பதைக் கன்னிசாமிக்கு அந்த ஒரு கல் உணர்த்திவிடும்.

ஒருவர் சுமக்கும் எடை அவருடைய உடலுக்கு எவ்வளவு பொருந்த வேண்டும் என்பதற்கு மலைநடைப் பழக்கமுள்ளோர் ஒரு பொதுவான அளவு வைத்திருக்கிறார்கள். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் நடையானால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. பல நாள் தங்கி நடப்பதானால் ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவர் முறையே 6 கிலோவும் 12 கிலோவும் சுமக்கலாம் என்பது கணக்கு. இது திடமான உடலும் பழகிய காலும் உள்ளவர்களுக்குச் சொன்னது. பள்ளிச் சிறுவர்களின் புத்தகப் பை அவர்களுடைய எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 2020-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த பள்ளிப்பை நெறிமுறையும் சொல்கிறது. வளரும் எலும்புக்கு விதித்த அந்த எல்லை, தேயும் எலும்புக்கும் பொருத்தமானதே. தசை வலிமை முப்பது வயதுக்குப் பின் சிறிது சிறிதாகக் குறையத் தொடங்கி, அறுபதுக்குப் பின் வேகமாகக் குறைகிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. ஆகவே அறுபதைக் கடந்தவர்கள் பத்தில் ஒரு பங்கையே கடைசி எல்லையாகக் கொள்ளுதல் நலம். 50 கிலோ எடையுள்ள ஒரு மாளிகைப்புறத்து அம்மையாருக்கு அது 5 கிலோ. இருமுடி மூன்றரை, மீதி ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு மாற்றுப் புடவையும் போர்வையும் மருந்தும் அடங்கியாக வேண்டும்.

ஆனால் இந்தப் பத்திலொன்று, ஐந்திலொன்று என்னும் விகிதம் எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை. பெரிய உடம்புக்காரர் மிகுதியாகச் சுமப்பார், சிறிய உடம்புக்காரர் குறைவாகச் சுமப்பார் என்றே நாம் நினைக்கிறோம். அது முழுதும் சரியன்று என்பதற்கான விளக்கம் இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே இருக்கிறது. ஓர் உருவம் எல்லாப் பக்கமும் பத்தில் ஒரு பங்கு பெரிதானால் அதன் எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்; எலும்பு, தசை ஆகியவற்றின் குறுக்களவைப் பொறுத்த பலமோ ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கூடும். எடை வேகமாக ஏறுகிறது, பலம் பின்தங்குகிறது. எறும்பு தன்னினும் பெரிய இரையை இழுத்துச் செல்வதும், யானை தன் எடைக்குச் சமமான எடையைத் தூக்க இயலாததும் இதனால்தான்.

இதையே அடியார்கள் இருவரிடம் பொருத்திப் பார்க்கலாம். ஒருவர் 60 கிலோ, மற்றவர் அதே உடல்வாகில் சற்றே பேருருவான 80 கிலோ. முன்னவர் 12 கிலோ சுமந்தால் அவருடைய கால்கள் மொத்தம் 72 கிலோவைத் தாங்குகின்றன. அதே அளவு முயற்சியில் பின்னவருடைய கால்கள் தாங்கக்கூடியது ஏறத்தாழ 87 கிலோ. அதில் 80 கிலோ அவருடைய உடம்பே. சுமைக்கு மிஞ்சுவது 7 கிலோதான். 60 கிலோக்காரருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்றால் 80 கிலோக்காரருக்குப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் அந்த இருபது கிலோ எலும்பும் தசையுமாக இல்லாமல், நாற்பது வயதுக்கு மேல் இடுப்பைச் சுற்றிச் சேர்ந்ததாக இருந்தால் கணக்கு இன்னும் மோசம். அவர் மாலை போடுவதற்கு முன்பே இருபது கிலோ மூட்டையைக் கட்டிக்கொண்டுவிட்டார் என்று பொருள். நாற்பத்தொரு நாள் விரதத்தில் எளிய உணவும், விடியற்காலை நீராடலும், கோயிலுக்கு நடந்து போய் வருவதும் ஏன் சேர்ந்தன என்பதற்கு ஆன்மிகக் காரணங்கள் பல உண்டு. மலை ஏறப் போகும் உடம்பு அந்த நாற்பத்தொரு நாளில் சற்று இறங்குகிறது என்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

சுமையைத் தலையில் வைப்பதிலும் ஒரு பொருள் உண்டு. கென்யா நாட்டில் தலைச்சுமை எடுத்துப் பழகிய பெண்களை ஆராய்ந்தவர்கள் 1986-இல் வியப்பான ஒரு செய்தியை வெளியிட்டார்கள். தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அந்தப் பெண்கள் தலையில் சுமந்து நடந்தபோது, வெறுங்கையோடு நடப்பதைவிட அவர்களுக்கு மிகுதியான சக்தி செலவாகவில்லை. முதுகில் பை மாட்டியவர் அதை ஈடுசெய்ய முன்னால் குனிய வேண்டும். தலைச்சுமையோ எலும்புத் தூணின் நேர்மேலே அமர்ந்திருப்பதால் உடம்பு நிமிர்ந்தே நடக்கும். இருமுடிக்குக் கீழே துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைப்பது அந்த எடையை உச்சியில் பரப்புகிறது. ஆனால் கென்யப் பெண்களுக்குச் சிறு வயது முதல் வந்த பழக்கம் அது. நகரத்தில் நாற்காலியில் அமர்ந்தே வாழ்நாளைக் கழித்தவருக்குக் கழுத்து அவ்வளவு எளிதில் இணங்காது. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் விரத நாள்களிலேயே மருத்துவரிடம் காட்டி, தலையில் சுமக்கலாமா, தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டுவிடுவது நல்லது. தோளில் இருமுடி ஏந்தி வருவோரையும் பாதையெங்கும் காணலாம். அவர்களை யாரும் குறை சொல்வதில்லை.

மகரவிளக்கின்போது பந்தளத்திலிருந்து திருவாபரணப் பேழைகள் வரும் காட்சியைக் கண்டவர்கள், தலைச்சுமை என்றால் என்னவென்று அறிவார்கள். விரதமிருந்த அடியார்கள் அப்பேழைகளைத் தலையிலேந்தி, 80 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மரபுவழிப் பாதையில் மூன்று நாள் நடந்து வருகிறார்கள். அவர்கள் கூட்டமாகவே வருகிறார்கள். சுமை தலைக்குத் தலை மாறிக்கொண்டே வருகிறது. ஒருவரே கடைசி வரை சுமப்பது அங்கே வழக்கமில்லை.

உலகில் மிகுந்த சுமை தூக்குவோர் என்று பேர்பெற்றவர்கள் நேபாளத்து மலைச்சுமையாளர்கள். எவரெஸ்ட் சிகரத்துக்குப் போகும் வழியிலுள்ள நாம்சே என்னும் ஊரின் சந்தைக்குச் சரக்கு கொண்டு செல்வோரை எடை போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தார்கள். நெற்றியில் பட்டை கட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு, அவர்கள் நடக்கும் முறைதான் கவனிக்கத் தக்கது. மிக மெதுவாக நடக்கிறார்கள். சிறிது தூரத்துக்கு ஒரு முறை நிற்கிறார்கள். கையிலுள்ள குறுந்தடியைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, சுமையை இறக்காமலே இளைப்பாறுகிறார்கள். நம் ஊர்ச் சாலையோரங்களில் நம் முன்னோர் நிறுத்திய சுமைதாங்கிக் கற்களும் இதே அறிவிலிருந்து பிறந்தவை. தலைச்சுமையைத் தரையில் இறக்கினால் மீண்டும் தூக்கிவிட ஒரு துணை வேண்டும். தோளுயரத்தில் கல் இருந்தால் தனியாளாகவே இறக்கி ஏற்றலாம். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களின் நினைவாக அக்கற்களை நாட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அவள் இறக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று எண்ணினார்கள்.

இருமுடியைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளக் கூடாது, குருசாமியின் கையால்தான் ஏற்றவும் இறக்கவும் வேண்டும் என்பது மரபு. இது குருபக்தியை வளர்ப்பது என்பதில் ஐயமில்லை. அதோடு, ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் குழுவிலுள்ள ஒவ்வொருவர் முகத்தையும் பழுத்த அனுபவமுள்ள ஒருவர் அருகில் நின்று பார்த்துவிடுகிறார். வியர்வை எப்படி இருக்கிறது, உதடு வெளிறியிருக்கிறதா, கால் நடுங்குகிறதா என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. நல்ல குருசாமிகள் இளையவர்களின் தோள்பையைப் பிரித்துப் பார்த்துப் பாதியை வண்டியிலேயே விட்டுவரச் சொல்லுவார்கள். சொன்னால் முகம் சுளிப்பவர்கள் கரிமலையில் அவரை நினைத்துக்கொள்வார்கள்.

கரிமலைதான் பெரிய பாதையின் உண்மையான தேர்வு. கரிவலந்தோட்டில் கால் நனைத்து ஏறத் தொடங்கினால் அடுக்கடுக்காக ஏற்றம் நீளும். ஓர் அடுக்கு முடிந்தது என்று நிமிர்ந்தால் மேலே இன்னோர் அடுக்கு நிற்கும். வேர்களே படிகள். மழை பெய்த மறுநாளில் மண் வழுக்கும். ஏற்றத்தைவிட அதன் மறுபக்கத்து இறக்கமே வயதானவர்களை வருத்துகிறது என்பதை அனுபவசாலிகள் சொல்வார்கள். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் ஒரு தடையாக நின்று உடம்பின் வேகத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. மூட்டுத் தேய்மானமுள்ள முதியவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் இறங்கும் பாரம் நான்கு கிலோ குறைவதாகக் கண்டார்கள். அது சமதரையில் கண்ட கணக்கு. தோள்பையில் தேவையின்றிச் சேர்ந்த இரண்டு கிலோ கரிமலை இறக்கத்தில் என்ன செய்யும் என்பதை இதைக்கொண்டு ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டு கிலோ எங்கிருந்து வருகிறது? புட்டித் தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. பருவகாலத்தில் பெரிய பாதையிலேயே தங்குமிடந்தோறும் கடைகள் இருக்கின்றன; பம்பையிலிருந்து ஏறும் வழியில் தேவஸ்வம் போர்டே சுக்குநீர் வழங்குகிறது. அரை லிட்டருக்கு மேல் கையில் வைத்திருப்பது வீண். பிள்ளைகள் அன்பினால் திணித்தனுப்பும் பிஸ்கட்டும் முறுக்கும் ஒரு கிலோ. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்த இரண்டாவது போர்வை ஒரு கிலோ. இருமுடிக்குள்ளேயே குறைக்க வழி உண்டு. தந்திரியின் அறிவுரையை ஏற்று, கற்பூரம், சாம்பிராணி, பன்னீர் ஆகியவற்றை இருமுடியில் வைக்க வேண்டாம் என்று தேவஸ்வம் போர்டு 2024-இல் பக்தர்களைக் கேட்டுக்கொண்டது. அவை சந்நிதானத்தில் பயன்படாமல் கழிவாகவே குவிகின்றன. நெகிழிப் பைகளும் கூடாது. பிறர் கொடுத்தனுப்பும் நெய்த் தேங்காய்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். ‘எங்கள் வீட்டுக்கும் ஒன்று’ என்று அண்டை வீட்டார் கேட்கும்போது மறுப்பது கடினம். ஆனால் எழுபது வயதுக்காரர் ஒருவர் அப்படி நான்கு தேங்காய்களை ஏற்றால் இரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். குழுவில் திடமாக உள்ளவரிடம் அதை ஒப்படைப்பதால் அபிஷேகத்தின் பலன் குறைந்துவிடப் போவதில்லை.

குறைக்கக் கூடாதது ஒன்றே: மருந்து. இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றுக்கு உண்ணும் மாத்திரைகளையும், மருத்துவர் எழுதிய சீட்டின் நகலையும், பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய காகிதத்தையும் இடுப்பில் கட்டிய சிறு பையில் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். பேரனுடைய பையில் வைத்துவிட்டு, நடைப்பந்தல் நெரிசலில் பேரனைத் தேடுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

பெரிய பாதைக்கு உடல் இடந்தராதவர்கள் நிலக்கலிலிருந்து பேருந்தில் பம்பைக்கு வந்து ஏறுகிறார்கள். இன்று முதியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். பம்பையிலிருந்து சந்நிதானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். தூரம் குறைவு என்பதே இங்குள்ள ஆபத்து. பெரிய பாதையில் வருபவர் இரண்டு நாள் நடந்து உடம்பைப் பழக்கிக்கொண்டு நீலிமலையை அடைகிறார். பேருந்தில் வந்தவர் இரவெல்லாம் உறங்காமல், காலை உணவோ மருந்தோ தவறிப்போன நிலையில், முதல் அடியையே செங்குத்தில் வைக்கிறார். மாரடைப்பு இந்தப் பாதையில் கேள்விப்படாத செய்தி அன்று. அதனால்தான் நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதயநோய் சிகிச்சை மையங்களையும், வழிநெடுக உயிர்வளி தரும் நிலையங்களையும் பருவகாலத்தில் அமைக்கிறார்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை என்று எது தோன்றினாலும் அங்கே அமர்ந்துவிட வேண்டும். சற்றுச் சுற்றினாலும் ஏற்றம் தணிந்த சுவாமி ஐயப்பன் சாலை முதியவர்களுக்கு உகந்தது. மரக்கூட்டத்தில் இரண்டு பாதைகளும் ஒன்று சேர்ந்துவிடுகின்றன.

வேகம் சரிதானா, சுமை சரிதானா என்று அறிய அடியார்களிடம் கருவி ஒன்று இருக்கிறது. சரணம்தான் அது. உடற்பயிற்சியின் அளவை அறிய மருத்துவர்கள் கையாளும் எளிய சோதனை, நடக்கும்போது மூச்சு முட்டாமல் பேச முடிகிறதா என்று பார்ப்பது. ஏற்றத்தில் குருசாமி சரணம் விளிக்க, பின்வருவோர் முழுதாக மறுமொழி சொல்ல முடிந்தால் இதயம் அளவோடு உழைக்கிறது என்று பொருள். பாதிச் சொல்லிலேயே மூச்சு அறுந்தால் நிற்க வேண்டும். அல்லது சுமையைக் குறைக்க வேண்டும். வாய்க்குள்ளேயே சரணம் சொல்லிக்கொண்டு பல்லைக் கடித்து ஏறுபவரைக் குழுவினர் கவனித்துக்கொள்வது நல்லது.

இருமுடி இல்லாமல் பதினெட்டாம்படி ஏற முடியாது என்னும் விதி, முதியவர்களை ஒரு சிக்கலில் நிறுத்துகிறது. நடக்க முடியாதவர்கள் டோலியில் ஏறுகிறார்கள். இரண்டு கழிகளுக்கு நடுவே கட்டிய நாற்காலியை நான்கு பேர் தோளில் தூக்கிச் செல்வார்கள். 80 கிலோ எடையுள்ளவர் அமர்ந்தால் நாற்காலியையும் கழிகளையும் சேர்க்காமலே ஆளுக்கு 20 கிலோ. சுமப்பவர் 60 கிலோ எடையுள்ளவராக இருந்தால் அது அவருடைய எடையில் மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கட்டுரை சொல்லி வந்த எந்த அளவிலும் அடங்காத பாரம் அது. அமர்ந்திருப்பவரின் எடைக்கேற்ப, 80 கிலோ வரை ஒன்று, 100 கிலோ வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று மூன்று கட்டணம் நிர்ணயிக்கும் ஏற்பாடு 2024-இல் முன்வைக்கப்பட்டபோது டோலித் தொழிலாளர்கள் அதை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். எந்தக் கட்டணம் நியாயம் என்பது வேறு பேச்சு. டோலியில் அமர்பவர் தம் தோள்பையையும் மடியில் வைத்துக்கொள்ளாமல், அதைக் குழுவினரிடம் கொடுத்துவிட்டு, இருமுடியை மட்டும் ஏந்தி அமரலாம். நீலிமலைத் திருப்பங்களில் அந்த நால்வரின் கழுத்து நரம்பை அருகில் கண்டவர்கள் அதைத் தாமாகவே செய்துவிடுகிறார்கள்.

அப்பாச்சிமேட்டில் மாவுருண்டைகளைப் பள்ளத்தில் எறிந்து, சபரிபீடத்தில் தேங்காய் உடைத்து, சரங்குத்தியில் கன்னிசாமிகள் மரச்சரத்தைக் குத்திவிட்டுப் போகும்போது, சுமை இன்னும் சிறிது கழிகிறது. படியேறுவதற்கு முன் ஒரு தேங்காய் உடைபடும். நெய் அபிஷேகத்துக்குப் போகும். அதைத் தாங்கி வந்த ஓடு ஆழியில் எரியும். வந்த சுமையில் மீதி, திரும்பக் கிடைத்த சிறிதளவு நெய்யும் மஞ்சளும்தான்.

பிறகுதான் அரவணைக் கடையின் வரிசை. மகளுக்கு இரண்டு, மருமகளின் தாய்வீட்டுக்கு இரண்டு, குடியிருப்புக் காவலாளிக்கு ஒன்று, அலுவலகத்தில் மகனுடைய மேலாளருக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே போனால் பத்து டின் சேர்ந்துவிடும். கெட்டியான பாயசம் நிறைந்த பத்து டின் மூன்று கிலோவுக்குக் குறையாது. அப்பமும் சேர்ந்தால் இன்னும் கூடும். மூன்றரைக் கிலோவை முறைப்படி சுமந்து ஏறியவர், அதே அளவைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, வலிக்கத் தொடங்கிவிட்ட முழங்கால்களோடு இறங்குகிறார். பழகிய குழுக்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கின்றன. பெரியவர்களின் டின்களை எல்லாம் மொத்தமாக வாங்கி, ஆளுக்குச் சில என்று இளையவர்களின் காலியான பின்முடிகளில் பிரித்துக் கட்டிவிடுகிறார்கள். பம்பையில் வண்டி புறப்படுவதற்கு முன்பு, துணியை விரித்து, யார் யாருக்கு எத்தனை என்று பெயர் சொல்லி எண்ணிக் கொடுக்கிறார்கள்.